17-ஐ 28 என்று எழுதச் சொன்னார்கள்

சிவில் முடித்துவிட்டு சைட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர்கள், கல்விக் கடன் தலைக்கு மேல் நிற்பவர்கள் கட்டாயம் படியுங்கள். கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கச் செய்யும் க்யூப் டெஸ்ட்டின் பொய்யான ரிசல்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதற்காக எனக்கு மூன்று மாதச் சம்பளம், 66,000 ரூபாய், நின்றுபோனது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மீட்பதிலும் வேறு வேலை தேடுவதிலும் கிட்டத்தட்ட ஒரு வருடம் கரைந்தது. ராத்திரியில் தூக்கம் வராமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய. "இந்தத் தொழிலில் இது வரும், வந்தால் இதையெல்லாம் செய்து வைத்துக்கொள்" என்று விஷயம் தெரிந்த ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும்.

எனக்கு ஊர் நாமக்கல் பக்கம். அப்பா லாரி டிரைவர். அரசு ஒப்பந்த வேலைகள் எடுக்கும் ஒரு நிறுவனத்தில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன், தரக் கட்டுப்பாடும் என் பொறுப்பில். மாதம் 22,000. சேரும்போதே டிகிரி சர்டிஃபிகேட், மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். எல்லாரிடமும் அப்படித்தான் வாங்குகிறார்கள், கொடுக்காவிட்டால் வேலை கிடையாது என்றார்கள். இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால், எந்தெந்த சர்டிஃபிகேட், அதன் நம்பர் என்ன, எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று எழுதி, வாங்கியவர் கையெழுத்தும் சீலும் இருக்கும் ரசீது கையில் இருக்க வேண்டும். "ரசீது எல்லாம் எதுக்கும்மா" என்று சிரித்தால், ஒப்படைத்த அன்றைக்கே பட்டியல் போட்டு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பின்னால் என்னைக் காப்பாற்றியது அப்படி ஒரு மெயில்தான்.

வேலை ஒரு அரசுப் பள்ளிக் கட்டடம், எம்25 கான்கிரீட், அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட். தரைத்தளத் தூண்கள் போட்ட அன்றைக்குத்தான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. 12 தூண்கள். ஒவ்வொன்றும் 300க்கு 450 மில்லிமீட்டர், உயரம் 3 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4.86 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஆறரை மூட்டை சிமென்ட் என்று வைத்தாலும் 32 மூட்டை போயிருக்க வேண்டும். சாயங்காலம் காலிச் சாக்குகளை எண்ணிப் பார்த்தேன். 24. அதாவது கன மீட்டருக்கு 250 கிலோகூட வரவில்லை. மிதமான சூழலுக்கே 300 கிலோ குறையாமல் போட வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. அதோடு கலவை ஓடவில்லை என்று மிக்சரில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரும் விட்டிருந்தார்கள். சைட்டில் இருப்பவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்குள் என்ன போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் காலிச் சாக்கு பொய் சொல்லாது. பில்லுக்கும் ரெஜிஸ்டருக்கும் போவதற்கு முன்னால் எண்ணி, உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள்.

வழக்கப்படி அதே கலவையில் ஆறு க்யூப் வார்த்து எடுத்தோம், 7 நாளுக்கு மூன்று, 28 நாளுக்கு மூன்று. 7 நாள் ரிசல்ட்டே மோசம். "28 நாள்ல ஏறிடும்மா" என்றார் புராஜெக்ட் மேனேஜர். 28-ஆம் நாள், வெளி லேபுக்கு அனுப்புவதற்கு முன் எங்கள் யார்டில் இருந்த மெஷினில் ஒரு க்யூபை வைத்துப் பார்த்தோம். எம்25 என்றால் 150 மில்லிமீட்டர் க்யூப் 562 கிலோ நியூட்டனாவது தாங்க வேண்டும். டயலில் முள் 390-க்குப் பக்கத்தில் நின்று, மெல்ல நடுங்கிவிட்டுக் கீழே இறங்கியது. க்யூபின் ஓரங்கள் உதிர்ந்து தட்டில் கொட்டின. 390 கிலோ நியூட்டன் என்றால் 3,90,000 நியூட்டன், அதை க்யூபின் முகப்பரப்பான 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 17 சொச்சம். சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வர வேண்டிய இடத்தில் 17. மிச்சம் இரண்டு க்யூபை எடுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். என் கையால் நம்பர் எழுதிய க்யூப்களுக்குப் பக்கத்திலேயே, அதே நம்பர், அதே தேதி, வேறு யாரோ கையெழுத்தில் எழுதிய இன்னொரு செட் கிடந்தது. வழவழவென்று, கருஞ்சாம்பல் நிறத்தில், ஓரத்தில் ஒரு பொத்தல்கூட இல்லாமல் இருந்தன. ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் சிமென்ட் கூடுதலாகப் போட்டுத் தனியாக ஒரு கலவை கலந்து அந்த க்யூப்களைத் தயார் செய்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. லேபுக்குப் போகிற க்யூப் வேறு, பிள்ளைகள் உட்காரப்போகும் வகுப்பறையைத் தாங்குகிற கான்கிரீட் வேறு.

மேனேஜர் பதறவே இல்லை. "நீ பார்த்ததை மறந்துடும்மா. லேபுக்குப் போறது ரெடியா இருக்கு. ரெஜிஸ்டர்ல 28னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. நீ சேர்றதுக்கு முன்னாடி அஸ்திவார ஃபுட்டிங்குக்குப் போட்டதும் காலியா இருக்கு, அதையும் சேர்த்து ஃபில் பண்ணிடு" என்றார். நான் முடியாது என்றதும் கோபப்படவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நானும் சேர்ந்த புதுசுல இப்படித்தான் இருந்தேன்" என்றார்.

இந்த மனிதரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இன்ஜினியர்கள் ஏன் தப்பு செய்கிறார்கள் என்று கேட்டால் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இவர் பேராசைக்காரர் இல்லை. டிப்ளமோ படித்து சூப்பர்வைசராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் வெயிலில் நின்று மேலே வந்தவர். நான் மதியம் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஒரே ஆள். அவருக்குக் கம்பி கட்டக் கற்றுக்கொடுத்த அதே சீனியர்தான் இரண்டு செட் க்யூப் போடவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். இரண்டும் அவர் மனதில் தொழில் நுணுக்கம் என்ற ஒரே கணக்கில்தான் பதிந்திருக்கின்றன. அமெரிக்க சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939-லேயே படித்த, மதிப்பான மனிதர்கள் செய்யும் குற்றங்களைப் பற்றிப் பேசினார். குற்றம் என்பது பிறவிக் கோளாறு இல்லை, நெருங்கிப் பழகும் ஆட்களிடமிருந்து கற்றுக்கொள்வது, செய்யும் முறையையும் அதற்கான நியாயத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். "எல்லா சைட்லயும் நடக்கிறதுதான்", "இதுவரைக்கும் எது இடிஞ்சுது", "டிசைன்லயே சேஃப்டி ஃபேக்டர் இருக்கு" என்று மேனேஜர் சொன்ன ஒவ்வொரு வரியும் அவருக்கு வேறு யாரோ சொன்னது. புதிதாகச் சேர்கிறவர்கள் இந்த வரிகளைக் காதில் கேட்டதுமே உஷாராகிவிடுங்கள். பாதுகாப்புக்காக விட்டிருக்கும் இடைவெளியைத் திருடுவதற்கான இடமாகப் பார்க்கும் பழக்கம் அந்த மூன்றாவது வரியில்தான் ஆரம்பிக்கிறது.

வேலையைக் கொடுத்த அரசுத் துறையின் ஏ.இ.யிடம், அதாவது உதவிப் பொறியாளரிடம், வாய்மொழியாகச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "எழுதிக் குடுக்காதம்மா. எழுதிக் குடுத்தா நான் ஆக்‌ஷன் எடுத்தாகணும், எடுத்தா என்னைத் தூக்கி அடிச்சிடுவாங்க. பையன் பிளஸ் டூ படிக்கிறான்." அவர்தான் கணக்கையும் விளக்கினார். 100 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்ட வேலையைப் போட்டியில் 80-க்கும் கீழே எடுக்கிறார்கள். அதிலிருந்து மேலே போக வேண்டிய பர்சன்டேஜ் போகிறது. கான்ட்ராக்டர் லாபமும் பார்க்க வேண்டும். பில் பாஸாக மாதக்கணக்கில் இழுத்தால் வட்டி வேறு. மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? கம்பியைக் குறைத்தால் அளவில் தெரிந்துவிடும். சிமென்டைக் குறைத்தால் தெரியாது, கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைக்கும் க்யூரிங்கைக் குறைத்தால் தெரியாது. டெண்டர் திறந்த அன்றைக்கே அந்தத் தூண்களில் எட்டு மூட்டை குறையப்போகிறது என்பது முடிவாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் மேசையில் இருந்த நெருக்கடியைக் கீழே இருந்தவர் மேசைக்குத் தள்ளினார்கள், கடைசியில் என் மேசைக்கு வந்தது. பணம் மேலே போகிறது, கையெழுத்து மட்டும் பள்ளத்தைத் தேடும் தண்ணீர்போல் கீழே வந்துகொண்டே இருக்கிறது. சம்பளம் குறைந்தவள், கடன் உள்ளவள், ஊர் தெரியாதவள் யாரோ, அவள் பெயர்தான் ரெஜிஸ்டரின் முதல் கட்டத்தில். மேலே உள்ளவர்கள் எல்லாம் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆகிவிடுவார்கள்.

இது வெறும் பயம் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, கைதானவர்களில் சைட் இன்ஜினியர்களும் இருந்தார்கள். புகைச் சோதனையை ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார் மோசடியில் அமெரிக்க நீதிமன்றம் ஜேம்ஸ் லியாங் என்ற இன்ஜினியருக்கு 2017-இல் 40 மாதச் சிறை விதித்தது. கம்பெனி கேட்டதைச் செய்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. மேலே இருந்து வரும் அழுத்தத்துக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சாட்சி அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று அதன் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் வாதாடினார்கள். அப்போது இன்ஜினியரிங் பிரிவுத் தலைவரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார் மேலதிகாரி. மறுநாள் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அங்கே லஞ்சம் இல்லை, கமிஷன் இல்லை, கல்விக் கடனும் இல்லை. வாடிக்கையாளரான நாசா அவசரப்படுத்தியது, ராக்கெட் இணைப்பில் வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் முன்பு சில தடவை கருகியும் தப்பித்ததைப் பார்த்துப் பழகிவிட்டது, மேலே இருப்பவர் முகம் சுளித்தார். ஒரு நல்ல இன்ஜினியர் மனம் மாற அவ்வளவே போதுமானதாக இருந்தது.

நான் மாட்டேன் என்று சொன்ன பிறகு ஒரேயடியாக எதுவும் நடக்கவில்லை. முதலில் என்னைக் கூப்பிடாமல் கான்கிரீட் போட்டார்கள். பிறகு சம்பளம் "அக்கவுண்ட்ஸ்ல பிராப்ளம்" ஆனது. பிறகு இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றல், அங்கே பெண்கள் தங்க இடமே கிடையாது. அப்பாவுக்கு போன் போட்டு, பொண்ணு சைட்டில் யாரோடும் ஒத்துப்போவதில்லை, பேர் கெட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதிகம் வலித்தது அதுதான். ஒரு ஆண் இன்ஜினியர் மறுத்தால் திமிர் பிடித்தவன் என்பார்கள். பெண் மறுத்தால் நடத்தையைத் தொடுகிறார்கள். அப்பா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு ஒரு நாள், "அந்த ஸ்கூல்ல நம்ம பிள்ளை படிச்சா விடுவோமா, நீ வந்துடு" என்று மட்டும் சொன்னார். வேலைக்குப் போகும் முன்பே வீட்டில் ஒருவரிடமாவது தொழிலில் இப்படி எல்லாம் வரும் என்று பேசி வையுங்கள். போன் வரும்போது அவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பது அன்றைக்குத் தீர்மானம் ஆவதில்லை.

கையெழுத்து விஷயத்தில் எனக்கு உதவியவை இவை. நான் எழுதிய இடத்தில் எல்லாம் பார்த்ததை மட்டும் எழுதினேன், 17 என்றால் 17, பக்கத்தில் அன்றைய தேதி. முன்தேதி போட்டு எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வாயால் வந்த ஒவ்வொரு உத்தரவுக்கும் அன்று மாலையே மரியாதையாக ஒரு மெயில்: "இன்று நீங்கள் சொன்னபடி ஃபுட்டிங் ரிசல்ட்டை நிரப்ப எனக்கு இயலாது, அப்போது நான் பணியில் இல்லை." குற்றம் சாட்டும் வார்த்தை ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது, நடந்தது மட்டும் இருக்க வேண்டும். பதில் வராது. வராததும் ஒரு சாட்சிதான். இன்னொன்று, மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும். சேர்ந்த புதிதிலேயே பைக்குக்கும் போனுக்கும் இ.எம்.ஐ. போட்டுவிட்ட என் சக இன்ஜினியர் அண்ணா ஒருவர், "நான் உன் பக்கம்தான், ஆனா என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாதத் தவணை இருக்கிறவனால் மனசாட்சியை வைத்துக்கொள்ள முடிவதில்லை என்பதை முதலாளிகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

புகார் கொடுப்பதைப் பற்றி யோசித்தபோது சத்யேந்திர துபே ஞாபகத்துக்கு வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் வேலை பார்த்தவர். முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடே மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று, அவருடைய 30-ஆவது பிறந்தநாளில், கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்றுதான் வழக்கு முடிந்தது. அவர் மரணத்துக்குப் பின் எழுந்த குரலால் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. அதனால் ஆத்திரத்தில் பெயர் போட்டு நாலு இடத்துக்கு எழுதிவிடாதீர்கள். முதலில் வக்கீலைப் பாருங்கள். லஞ்சம் சம்பந்தப்பட்டது என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. "இந்தக் கவரைக் கொண்டுபோய் ஆபீஸில் குடுத்துட்டு வா" என்று உங்களை அனுப்பினால் போகாதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர்கூட ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும். கவரைத் தூக்கிக்கொண்டு போன சின்னப் பையனும் வழக்கில் வருவான்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நான் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். அங்கே கிடைத்த வக்கீல் அம்மா என் மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, சர்டிஃபிகேட்டுகளைக் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். க்யூபைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, ஆனால் என் மெயில்கள் பின்னிணைப்பாக இருந்தன. அடுத்த வாரமே கூப்பிட்டு சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு "பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதி வாங்கப் பார்த்தார்கள். நான் சர்டிஃபிகேட் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சம்பளம் வரவில்லை. அனுபவச் சான்றிதழும் தரவில்லை.

அந்தக் கட்டடம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சென்ட்ரிங் மேஸ்திரி பின்னால் ஒரு நாள் போன் செய்தார். "மேடம், நாலு தூணைக் கொத்தி, சுத்தியும் கம்பி கட்டி, பெருசாப் போட்டுட்டாங்க." அந்த மெயில்கள் தலைமை அலுவலகத்துக்கும் நகல் போயிருந்ததால் யாருக்கோ பயம் வந்திருக்கிறது. எந்தப் பேப்பரும் இல்லாமல் ஜாக்கெட்டிங் செய்திருக்கிறார்கள். மிச்சம் எட்டுத் தூண்? வக்கீல் அம்மாவின் ஆலோசனைப்படி, பெயர் வெளியிட வேண்டாம் என்ற கோரிக்கையோடு, தூணில் துளைபோட்டு கோர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி மேலதிகாரிக்கு மனு போயிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வக்கீலுக்கு 1961 சட்டம் இருக்கிறது, ஆர்க்கிடெக்டுக்கு 1972 சட்டம் இருக்கிறது. தப்பு செய்தால் பட்டியலில் இருந்து நீக்க ஒரு கவுன்சில் இருக்கிறது. இன்ஜினியர்களுக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. நீக்குவதற்கு இல்லை என்பது ஒரு பக்கம். "என் கவுன்சில் என்னை நீக்கிவிடும், அதனால் போட மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லவும் நமக்கு ஒன்றும் இல்லை. மறுப்பதற்குச் சாக்குக்கூட இல்லாத ஒரு தொழிலில், ஒவ்வொருவரும் தனித்தனியாக, சொந்தச் செலவில் நேர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும். அரசு வேலைகளில் க்யூபை கான்ட்ராக்டரின் ஆள் எடுத்து, கான்ட்ராக்டரின் வண்டியில் லேபுக்குக் கொண்டுபோவதும் நிற்க வேண்டும்.

வேறு வேலை தேடும்போது இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். ஒன்று பி.எஃப். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் இழுக்கும். கடைசியாகப் பணம் கட்டியதிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் வழியாக அதைப் பதிவு செய்துகொள்ளலாம். அனுபவச் சான்றிதழ் இல்லாத குறைக்கு பி.எஃப். பாஸ்புக்கும் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய விவரமும் போதுமான ஆதாரம். இரண்டாவது, ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி. முதலில் குடும்பக் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. பிறகு பழைய நிறுவனத்தின் பெயரைக் குறை சொல்லாமல், "டெஸ்ட் ரிசல்ட்டை மாற்றி எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை" என்று மட்டும் சொல்லத் தொடங்கினேன். சில இடங்களில் இன்டர்வியூ அதோடு முடிந்தது. அந்த இடங்களில் சேர்ந்திருந்தாலும் மறுபடி அதே தொட்டிக்கு முன்னால்தான் நின்றிருப்பேன். இப்போது இருக்கும் இடத்தில் சம்பளம் 18,000. சேர்ந்த அன்று ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அந்த நிலையில் தனியாக மாட்டிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், முதல் வேலையாக, நடந்ததை மட்டும் எழுதி இன்றைக்கே அந்த மெயிலை அனுப்புங்கள். ராஜினாமாவை அதன் பிறகு எழுதிக்கொள்ளலாம்.